லட்சுமிகாந்தனின் நாற்காலி

எம். கே. தியாகராஜ பாகவதர் காலத்துச் சினிமாவைப் பற்றிய ஒரு பெரிய வரலாற்று நாவலுக்காக வெகுகாலமாகக் காத்திருக்கிறேன். யாரோ எங்கோ அதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்புவதற்கு எனக்கு ஆதாரம் எதுவும் தேவைப்படவில்லை. எழுதாமல் விடக்கூடிய கதை அல்ல அது. ஏற்றம், உச்சம், வீழ்ச்சி மூன்றும் ஏற்கெனவே அமைந்து கிடக்கின்றன. சங்கீதம் இருக்கிறது, கொலை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, பின்னால் ஓர் உலகப் போரும் இருக்கிறது. எழுதுகிறவர் அத்தியாயம் பிரித்தால் போதும் என்று தோன்றும். அப்படித் தோன்றுவதுதான் எனக்குக் கவலை.

வரலாறு சொல்வது இவ்வளவு. பாகவதர் மாயவரத்தில் 1910இல் ஒரு விஸ்வகர்மக் குடும்பத்தில் பிறந்தார், திருச்சியில் வளர்ந்தார், நாடக மேடையில் பாடிப் பெயரெடுத்தார். 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘பவளக்கொடி’ வழியாகத் திரைக்கு வந்தார். 1937இல் வந்த ‘சிந்தாமணி’ மதுரையில் அள்ளிக் கொடுத்த லாபத்தில், படத்தை எடுத்த ராயல் டாக்கீஸார் அதே ஊரில் அதே பெயரில் ஒரு தியேட்டரே கட்டினார்கள். மொத்தம் பதினான்கு படங்கள்தான். ஆனால் கொட்டகைப் பக்கமே போகாதவர்களும் கிராமபோன் தட்டில் அவரைக் கேட்டிருந்தார்கள். பிடரிவரை முடி வளர்த்து வாரிவிட்டுக்கொள்வதற்கு ‘பாகவதர் கிராப்’ என்றே பெயர் வந்துவிட்டது.

1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். தமிழ் சினிமாவின் பெருமைகளைப் பட்டியலிடும் எவரும் இதைத் தவறவிடமாட்டார்கள். இரண்டாவது தீபாவளியும் மூன்றாவது தீபாவளியும் வந்தபோது அந்தப் படத்தின் நாயகன் கொலை வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தார் என்பதையும் அந்தப் பெருமையோடு சேர்த்தே படிக்க வேண்டும். பெற்றோரைத் துன்புறுத்தி, தாசி வீட்டில் பொருளைத் தொலைத்து, கால்களை இழந்து, மனம் திருந்தி, தெய்வ அருளால் கால்களைத் திரும்பப் பெறும் மகனின் கதை ‘ஹரிதாஸ்’. பிராட்வேயில் ஒவ்வொரு காட்சியிலும் அவருக்கு மன்னிப்புக் கிடைத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் இருந்த உயர் நீதிமன்றத்தில் கிடைக்கவில்லை. ஊர் இரண்டையும் பார்த்தது; இரண்டுக்கும் கூட்டம் குறையவில்லை.

வழக்கின் விவரம் பலருக்கும் தெரிந்ததுதான். சி. என். லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’ என்றொரு பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கம் என்று சொல்லி அதில் எழுதினார். எழுதாமல் இருப்பதற்கும் பணம் வாங்கினார் என்பது அவர் மீதிருந்த குற்றச்சாட்டு. பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கோவைப் படாதிபதி எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட, பத்திரிகையின் உரிமம் ரத்தானது. லட்சுமிகாந்தன் ‘இந்து நேசன்’ என்ற வேறொரு பத்திரிகையைப் பிடித்துத் தொழிலைத் தொடர்ந்தார். ‘ஹரிதாஸ்’ வெளியாகி மூன்று வாரம் கழித்து, 1944 நவம்பர் 8ஆம் தேதி, கைரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த அவரை வேப்பேரிப் பக்கம் வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். ஜூரி வைத்து நடந்த விசாரணையில் நாயுடு விடுதலையானார்; பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் 1945 மே மாதம் ஆயுள்கால தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், அங்கிருந்து மறுபடியும் சென்னைக்கே திருப்பி அனுப்பப்பட்டு, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். தேசத்துக்கு இன்னும் நான்கு மாதம் பாக்கி இருந்தது.

இந்தக் கதையில் லட்சுமிகாந்தனுக்கு ஒரே ஒரு வேடம்தான் நாம் கொடுத்திருக்கிறோம். அவர் விஷமி. புகழ் பெற்றவர்களின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவர். பார்க்காததையும் பார்த்ததாக எழுதியவர். அதை விற்றுப் பிழைத்தவர். நான் காத்திருக்கும் நாவலின் ஆசிரியர் என்ன செய்யப்போகிறார்? அவரும் பாகவதர் வீட்டுக்குள் போக வேண்டும். கதவு சாத்தியபின் அங்கே பேசப்பட்டதைக் கேட்க வேண்டும். சிறையில் அவர் எதை நினைத்துத் தூங்காமல் கிடந்தார் என்று சொல்ல வேண்டும். எதற்கும் சாட்சி கிடையாது. கற்பனை என்ற உரிமத்தின் பேரில் இதையெல்லாம் எழுதி அழகான அட்டை போட்டு விற்க வேண்டும். லட்சுமிகாந்தனுக்கு இல்லாத ஒரு வசதி இவருக்கு உண்டு: இறந்தவர்கள் கவர்னரிடம் மனுக் கொடுப்பதில்லை.

பழைய நட்சத்திரங்களைப் பற்றி நாவல் எழுதுகிறவர் உட்காரப்போவது லட்சுமிகாந்தனின் நாற்காலியில்தான். அதில் உட்காரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வேறு நாற்காலி கிடையாது. உட்கார்ந்திருப்பது யாருடைய இடத்தில் என்று தெரிந்து உட்கார வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.

தமிழில் வரலாற்று நாவல் என்றதும் மனத்தில் ஓடி வருவது குதிரை. ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் கல்கி தம் பத்திரிகையில் ‘சிவகாமியின் சபத’த்தைத் தொடராக எழுதிக்கொண்டிருந்தார். ஊரே கொண்டாடும் ஒரு ஆடற்கலைஞர், அவள் மேல் காதல் கொண்ட இளவரசன், பகை அரசனிடம் சிறைப்படல், கடைசியில் உலகத்தை விட்டு இறைவனிடம் ஒதுங்குதல். ஒரு நட்சத்திரத்தின் கதை என்றே அதைப் படிக்கலாம். எழுதியவர் சினிமாவுக்கு வெளியே நின்றவரும் அல்லர். 1939இல் அவருடைய ‘தியாக பூமி’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, கே. சுப்பிரமணியம் எடுத்துக்கொண்டிருந்த அதே பெயர்ப் படத்தின் காட்சிப் படங்களையே கதைக்குச் சித்திரமாகப் போட்டார்கள். வாசகரும் ரசிகரும் ஒரே ஆட்கள் என்பதைத் தமிழ்ப் பத்திரிகை உலகம் அப்போதே புரிந்துகொண்டிருந்தது.

ஆனால் சிவகாமிக்கும் நமக்கும் நடுவே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கிடந்தன. யாரும் அவளுடைய பேரன் என்று வந்து நிற்கமாட்டார்கள். அவள் நடந்தவளா, நினைக்கப்பட்டவளா என்று கேட்பவரும் குறைவு. அந்த இடைவெளி எழுத்தாளனுக்குத் தானாகவே ஒரு நாகரிகத்தைக் கொடுத்துவிடுகிறது. எண்பது ஆண்டு இடைவெளி அதைக் கொடுக்காது. நினைவு இன்னும் சூடாக இருக்கும்போதே வரலாறு என்று பெயர் வைக்கிறோம். அதற்குரிய நாகரிகத்தை எழுதுகிறவர் தாமாகச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

நினைவு என்று சொன்னேன். பாகவதரைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவற்றில் ஓர் ஒழுங்கு தெரியும். முதல் பாதியில் அவர் தங்கத் தட்டில் சாப்பிடுகிறார். அவர் ரயிலில் வருகிறார் என்று தெரிந்து ஸ்டேஷனே கொள்ளாமல் கூட்டம் கூடுகிறது. இரண்டாம் பாதியில் கண் பார்வை மங்கி ஏதோ ஒரு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்; பிச்சைக்காரர் என்று எண்ணி யாரோ காசு போட்டுவிட்டுப் போகிறார்கள். சாட்சி தேடிப் போனால் கிடைப்பது இன்னொரு கதைசொல்லிதான். ஆனாலும் இரண்டு கதைகளையும் நாம் விடமாட்டோம். ஒன்றுக்கு மற்றது தேவை. தட்டு தங்கமாக இருந்தால்தான் காசு விழும் ஓசை கேட்கும்.

இது பாகவதருக்கு மட்டும் வாய்த்ததல்ல. அவருக்குப் போட்டியாளர் என்று ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கொண்டாடிய பி. யூ. சின்னப்பா 1951இல் முப்பத்தைந்து வயதில் இறந்தார். அவரைப் பற்றியும் இதே அச்சுத்தான்: புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கிக் குவித்தார், இனி வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடுத்தது, பிறகு எல்லாம் போயிற்று. டிக்கெட் காசு கொடுத்து ஒருவரை உயரத்தில் ஏற்றிவைக்கும் ஊர், அந்த உயரத்தை வட்டியோடு திரும்ப வசூலிக்கும்வரை ஓய்வதில்லை. நாம் அதற்கு விதி என்று பெயர் வைத்திருக்கிறோம். வசூலிப்பவர் கடவுள் என்றால் நம் கையில் ரசீது இருக்காது அல்லவா?

நல்ல நாவலாசிரியர் இந்த அச்சை முதலில் உடைக்க வேண்டும். அதற்கு வரலாற்றிலேயே ஆயுதம் இருக்கிறது. சிறைதான் பாகவதரை வீழ்த்தியது என்பது எல்லோருக்கும் பிடித்த விளக்கம். ஆனால் அதே வழக்கில், அதே தண்டனை பெற்று, அதே தீர்ப்பில் விடுதலையான இன்னொருவர் இருந்தார். என். எஸ். கிருஷ்ணன் வெளியே வந்து நடித்தார், 1949இல் அண்ணாதுரை எழுதிய ‘நல்லதம்பி’யைத் தந்தார், 1951இல் ‘மணமகள்’ படத்தை இயக்கினார். ஒரே வாசல் வழியாக வெளிவந்த இருவரில் ஒருவருக்கு உலகம் இடம் வைத்திருந்தது. மற்றவருக்கு வைத்திருக்கவில்லை. சிறை மட்டும் காரணமென்றால் இந்தக் கணக்கு நேராகாது.

வெளியே வேறொன்று நடந்திருந்தது. மேடையில் மைக் இல்லாத காலத்தில் வளர்ந்த குரல் பாகவதருடையது. எஸ். ஜி. கிட்டப்பாவும் அப்படித்தான். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதால் உச்ச சுருதியில் பாடிப் பழகிய தலைமுறை அது. பேசும்படம் வந்தபோது அந்தக் குரல்களையே அப்படியே வாரி எடுத்துக்கொண்டது. பாடத் தெரிந்தவர்தான் நடிகர். ஆனால் பாடுகிற வாயையும் பாடுகிற குரலையும் தனித்தனியாகப் பிரிக்க முடியும் என்பதை ஒலிப்பதிவாளர்கள் மெல்லக் கண்டுபிடித்தார்கள். 1938இல் ஏவி. மெய்யப்பன் ‘நந்தகுமா’ரில் இரவல் குரலைப் பயன்படுத்தினார். 1945இல் ‘ஸ்ரீவள்ளி’யில் நாயகியின் பாட்டை எடுத்துவிட்டு பி. ஏ. பெரியநாயகியின் குரலைப் பொருத்தினார். பாகவதர் சிறையில் இருந்த இரண்டரை ஆண்டுகளில், கதாநாயகன் பாட வேண்டிய அவசியமே கரைந்துகொண்டிருந்தது. அதற்குப் பின் ‘வேலைக்காரி’, ‘மந்திரி குமாரி’, ‘பராசக்தி’ என்று வசனம் வந்து உட்கார்ந்தது. மக்கள் கேட்க விரும்பியது இப்போது பேச்சை. பேச்சுக்குப் பின்னால் ஒரு கட்சியே வந்துகொண்டிருந்தது.

அதாவது பாகவதரை வென்றது ஒரு மைக்ரோபோன். எந்த ரசிகருக்கும் இது பிடிக்காது. துரோகி ஒருவர் வேண்டும், சாபம் ஒன்று வேண்டும், குறைந்தபட்சம் ஒரு பெண்ணாவது வேண்டும். ஒலிப்பதிவு அறையில் கண்ணாடிக்குப் பின்னால் சுவிட்சைத் திருகிக்கொண்டிருந்த ஆள் வில்லனாக இருக்க முடியாது. ஆனால் அந்த ஆளை ஒரு பாத்திரமாக்கத் தெரிந்தவரே நான் தேடும் நாவலாசிரியர்.

அவருக்கு ஒரு களத்தையும் என்னால் காட்ட முடியும். விடுதலைக்குப் பிறகு பாகவதர் நடித்து வெளிவந்த முதல் படம் ‘ராஜ முக்தி’. பெயரிலேயே விடுதலை இருந்தது. அவ்வளவு வெளிப்படையான நம்பிக்கை. படத்தைப் புனேயில் எடுத்தார்கள். அந்த ஸ்டுடியோவுக்குள் யார் யாரெல்லாம் வந்து போனார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாயகன் தன் பழைய உலகத்தை மீட்க வந்தவர். துணைப் பாத்திரத்தில் எம். ஜி. ராமச்சந்திரன் என்ற நடிகர். 1941இல் ‘அசோக் குமார்’ படத்திலும் பாகவதருக்குப் பின்னால் சின்ன வேடத்தில் நின்றவர். உடன் நடித்தவர் வி. என். ஜானகி. இருவரும் பிற்காலத்தில் தமிழ்நாட்டின் முதலமைச்சர்களாக இருந்தவர்கள். பின்னணி பாட முதன்முதலாக வந்த இளம்பெண் எம். எல். வசந்தகுமாரி. வசனம் எழுதப் போனவர் புதுமைப்பித்தன்.

புதுமைப்பித்தன் அங்கிருந்து காசநோயோடு திரும்பினார். 1948 ஜூன் 30ஆம் தேதி திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42. படம் அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்து தோற்றது. நவீன தமிழ்ச் சிறுகதையை உண்டாக்கியவர்களில் ஒருவர், தம் கடைசி உழைப்பை யாரும் பார்க்காத ஒரு படத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நட்சத்திரத்தின் தோல்வியைப் பற்றி எழுபத்தைந்து ஆண்டுகளாகப் பேசுகிறோம். அந்தத் தோல்விக்கு யார் யார் தங்கள் ஆயுளைச் செலவழித்தார்கள் என்ற கணக்கை இலக்கிய வரலாறு ஓர் அடிக்குறிப்பாகவும் சினிமா வரலாறு ஒரு பெயராகவும் மட்டுமே வைத்திருக்கின்றன. இரண்டையும் ஒரே அறையில் உட்காரவைக்க நாவலுக்கு மட்டும் முடியும். புனேயின் அந்தக் குளிர்காலம் ஒன்று போதும். கொலையே வேண்டாம்.

பெண்களுக்கு வருகிறேன். இந்த வகை நாவல்களில் அவர்களுக்கு என்ன இடம் ஒதுக்கப்படும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும் போல் இருக்கிறது. நாயகனின் பாதையில் ஒரு மோகினி, வீட்டில் ஒரு தியாகி. உண்மையில் அந்தத் தலைமுறைப் பெண்கள் இதைவிட வேலை மிகுந்தவர்களாக இருந்தார்கள். 1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதா’ஸின் நாயகி டி. பி. ராஜலட்சுமி, தாமே நாவல் எழுதியவர். ‘கமலவல்லி’ என்ற தம் நாவலை ‘மிஸ் கமலா’ என்ற பெயரில் 1936இல் தாமே படமாக இயக்கினார். நட்சத்திரத்தைப் பற்றி நாவல் வருமா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நட்சத்திரமே நாவல் எழுதி அதைப் படமாக்கி அது மறைந்தும் போயிற்று. கே. பி. சுந்தராம்பாள் 1935இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடமேற்று ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். அந்த நாளில் எந்த ஆண் நடிகரும் கேட்டிராத தொகை. நாம் அவரை நினைவில் வைத்திருப்பது கணவர் கிட்டப்பா போனபின் வெள்ளைப் புடவை உடுத்தியவர் என்று.

டி. ஆர். ராஜகுமாரியை எடுத்துக்கொள்ளலாம். ‘ஹரிதா’ஸில் நாயகனைக் கெடுக்கும் தாசி ரம்பா அவர்தான். நாவலிலும் அவரை அந்த அலங்காரத்திலேயே நிறுத்திவைக்கும் ஆசை யாருக்கும் வரும். 1948இல் எஸ். எஸ். வாசனின் ‘சந்திரலேகா’வுக்கு அவர் நாயகியானார், தியாகராய நகர் பாண்டி பஜாரில் தம் பெயரிலேயே ஒரு தியேட்டர் வைத்திருந்தார். நாயகன் இடத்தை இழந்துகொண்டிருந்த காலத்தில், அவரைக் கெடுத்தவளாக நடித்த பெண் டிக்கெட் விற்கும் இடத்துக்குப் போய்விட்டார். வீழ்ச்சிக் கதையில் இதற்கு இடமில்லை. அதனால்தான் நாவலில் இது வேண்டும் என்கிறேன்.

இதையெல்லாம் ஒரு நாவலிடம் இவ்வளவு வலியுறுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் படங்கள் இல்லை. ‘காளிதாஸ்’ இல்லை. ‘மிஸ் கமலா’ இல்லை. மதுரையில் தியேட்டர் கட்டவைத்த ‘சிந்தாமணி’யும் இல்லை, அந்தத் தியேட்டரும் இல்லை. அந்தக் காலத்துப் பிலிம் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட். ஓடித் தேய்ந்த சுருள்களில் இருக்கும் வெள்ளிக்காக அவற்றை உருக்கினார்கள். புனேயில் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் வந்தபோதே பெரும்பாலானவை போய்விட்டிருந்தன. காப்பாற்றிச் சேர்த்தவற்றிலும் ஒரு பகுதி 2003இல் அங்கே நைட்ரேட் கிடங்கில் பிடித்த தீயில் எரிந்தது. பல படங்களுக்கு இன்று மிஞ்சியிருப்பது கிராமபோன் தட்டும், கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமும்தான். கதைச் சுருக்கத்தை அச்சிட்டு, மீதியை வெண்திரையில் காண்க என்று முடித்துவிடுவது பாட்டுப் புத்தகத்தின் வழக்கம். வெண்திரை போய்விட்டது. மீதியை இனி நாவலாசிரியர்தான் சொல்ல வேண்டும். அவர் சொன்னதே நாளை உண்மையாகிவிடும் என்பதால் பயமாகவும் இருக்கிறது.

மற்ற இடங்களில் இது இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ் மர்லின் மன்றோவின் வாழ்க்கையை வைத்து 2000இல் எழுதிய ‘பிளாண்ட்’ எழுநூறு பக்கத்துக்கு மேல் ஓடும் நாவல். இது புனைவு, வாழ்க்கை வரலாறாகப் படிக்க வேண்டாம் என்று அவரே முன்கூட்டிச் சொன்னார். 2022இல் அது திரைப்படமானபோது, நாவலாசிரியர் கற்பித்த அவமானங்களை அந்தப் பெண்ணுக்கு நடந்தவையாகவே பலரும் எடுத்துக்கொண்டார்கள். இருந்த துயரம் போதாது என்று புதுத் துயரமும் அவர் கணக்கில் ஏறியது. நூற்றுக்கணக்கான மணி நேரம் காமிரா முன் நின்றவருக்கே இது நடந்தது.

பக்கத்து மாநிலத்தில் எதிர்த்திசை. அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல் எடுத்த முதல் மலையாளப் படமான ‘விகதகுமார’னில் நாயகியாக நடித்தவர் பி. கே. ரோசி. தலித் பெண் ஒருவர் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காதவர்கள் திருவனந்தபுரத்தில் கலகம் செய்து அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். அவர் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து வேறு பெயரில் ஒரு குடும்பப் பெண்ணாக வாழ்ந்து மறைந்தார். படம் இல்லை. அவருடையதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு புகைப்படம்கூட இல்லை. வினு ஆபிரகாம் அவரைப் பற்றி ‘நஷ்டநாயிகா’ என்ற நாவல் எழுதினார். அதையும் ஆதாரமாகக் கொண்டு 2013இல் ‘செல்லுலாய்ட்’ படம் வந்தது. அதன் பிறகே கேரளம் தன் முதல் நாயகியைப் பரவலாகத் தெரிந்துகொண்டது. இங்கே நாவல் யாருடைய கதவையும் உடைக்கவில்லை. பூட்டி மறைத்திருந்த கதவைத் திறந்தது. புகழின் மிகுதியால் அழிந்தவரை எழுதுவதற்கும் புகழே கிடைக்காமல் அழிக்கப்பட்டவரை எழுதுவதற்கும் ஒரே அளவுகோல் போதாது. முதலாமவரிடம் கை சற்றுத் தயங்க வேண்டும். இரண்டாமவரிடம் தயங்குவதே அநீதி.

தமிழிலும் ஒரு வழிகாட்டி இருக்கிறார். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் 1952 முதல் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். பத்திரிகைச் செய்திகளை வெட்டிக் கோப்பில் ஒட்டிவைப்பது அவர் வேலைகளில் ஒன்று. நட்சத்திரங்களை அத்தனை நெருக்கத்தில் பார்த்த ஒரு நாவலாசிரியர் ‘கரைந்த நிழல்க’ளை எழுதியபோது நட்சத்திரத்தை நடுவில் வைக்கவில்லை. தயாரிப்பு நிர்வாகிகள், உதவி இயக்குநர்கள், பணம் புரட்டுகிறவர்கள், கார் வராததால் காத்துக் கிடப்பவர்கள், முடியாமலே போகும் ஒரு படம். அவர் கையில் ஊர்க் கதைகள் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்தால், அந்த நாவலின் மௌனம் இன்னும் பெரிதாகத் தெரியும். லட்சுமிகாந்தன் கேட்டிருந்தால் கோப்பைக் கொடுத்திருக்கமாட்டார்.

அவர் வழியிலேயே பாகவதர் காலத்தை எழுதலாம். ‘அம்பிகாபதி’யை இயக்கிய எல்லிஸ் டங்கன் அமெரிக்காவின் ஒஹையோவிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. தமிழின் பெரும் புலவர் வீட்டுக் காதலை அவர் எப்படிப் படமாக்கினார்? அவர் பேச்சை நடிகர்களுக்கும் நடிகர்களின் பேச்சை அவருக்கும் சொன்னவர்கள் எதை விட்டுவிட்டுச் சொன்னார்கள்? போர்க்காலத்தில் கச்சா பிலிமுக்குக் கட்டுப்பாடு வந்தது. படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் உத்தரவிட்டது. மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் பாடிக்கொண்டிருந்த தமிழ்ப் படம் இரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கியது. எந்தப் பாட்டை வெட்டுவது என்று உட்கார்ந்து முடிவெடுத்தவரின் ஒரு நாளை எழுதினாலே ஓர் அத்தியாயம்.

எல்லாவற்றையும்விட, மூன்று தீபாவளியும் அந்தப் பிராட்வே தியேட்டருக்குள் நுழைந்தவர்களை எழுத வேண்டும். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து சென்னையைக் காலி செய்துகொண்டு ஓடியவர்கள் அவர்கள். திரும்பி வந்து ரேஷன் வரிசையில் நின்றவர்கள். புதுப் படங்களும் அதிகம் வராத காலம். இருந்த படத்தையே திரும்பப் பார்த்தார்கள். முதல் தீபாவளியில் அவர்கள் பார்த்தது தங்கள் பாகவதரை. இரண்டாவது தீபாவளியில் பார்த்தது ஒரு ஆயுள் கைதியை. மூன்றாவது தீபாவளியில், அப்பீலுக்குக் காத்திருக்கும் ஒருவரை. படம் ஒரு சட்டமும் மாறவில்லை. கால்களை இழந்து தவழும் காட்சி வந்தபோது அவர்கள் அழுதது எதற்காக? பாத்திரத்துக்காகவா, சிறையில் இருந்தவருக்காகவா, ‘இந்து நேச’னில் படித்ததை நினைத்துக்கொண்டா? வெளியே வந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, கொன்றிருப்பாரோ மாட்டாரோ என்று பேசியபடியே வீட்டுக்குப் போயிருப்பார்கள். பக்தியும் வம்பும் ஒரே வாயில் இருந்தன. அந்த வாய் நம்முடையது. நட்சத்திரத்தின் வரலாறு என்பது பெரும்பாலும் அந்த வாயின் வரலாறுதான்.

கடைசியாகக் கொலை. நாவல் அதைத் துப்புத் துலக்கிவிடும் என்று அஞ்சுகிறேன். கடைசி இருபது பக்கத்தில் யாரோ ஒருவர் ஒப்புக்கொள்வார். அட்டையில் அதிர்ச்சி என்ற சொல் இருக்கும். 1947 ஏப்ரல் தீர்ப்பு இவர்கள் குற்றவாளிகள் அல்லர் என்றது. குத்தியது யார் ஏவலில் என்று சொல்லவில்லை. அந்த இடம் காலியாகவே இருக்கிறது. அங்கே ஒரு பெயரை எழுதுவது, இரண்டு மனிதர்களின் இரண்டரை ஆண்டுகளை எடுத்துக்கொண்ட அதே அவசரத்தை மறுபடி செய்வதாகும். லட்சுமிகாந்தனுக்கும் அதே நியாயம் உண்டு. அவர் நல்லவர் என்று நாவல் நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் எழுதியதை மன்னிக்கவும் வேண்டியதில்லை. வழக்குக்கே அவர் பெயர்தான். இருந்தும் அந்த வழக்கில் குத்துப்பட்டுச் செத்தவர் அவர் என்ற விஷயம் யாருக்கும் உறைப்பதில்லை. இரண்டு நட்சத்திரங்களுக்கு நேர்ந்த இடைஞ்சலாகவே ஒரு மனிதரின் சாவை நாம் படித்துவந்திருக்கிறோம்.

அவருடைய பத்திரிகை விற்றது என்பதை மட்டும் நாவல் மறக்காமல் இருந்தால் போதும். எழுதியவர் ஒருவர். வாங்கிப் படித்தவர்கள் ஊர் முழுவதும் இருந்தார்கள். விசாரணையில் எத்தனையோ பேர் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். அவர்களில் ஒரு வாசகராவது வாசகர் என்ற முறையில் ஏறவில்லை. சட்டத்தில் அதற்கு இடமில்லை. நாவலில் இருக்கிறது. நாவலுக்கு ஜூரி கிடையாது, அப்பீலும் கிடையாது. ஆகவே அதை எழுதுகிறவர் தீர்ப்புச் சொல்லாமல் இருக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். வாங்குகிற நாம் தீர்ப்பை எதிர்பார்த்துக் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதவர்களாக இருக்க வேண்டும். இரண்டில் எது கடினம் என்று கேட்டால், எழுத்தாளர்கள் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.